எட்டுக்குப் பத்தில் ஒரு ஜிம்

ஆகஸ்ட் 11, திங்கள்

மகன் பூபேஷ் அனுப்பிய ட்ரெட்மில் காலையில் வந்தது. வாசல்வரைக்கும்தான் வந்தது. தூக்கி வந்த இரண்டு பேரும் அதை நேராகத் திருப்பிப் பார்த்தார்கள், படுக்கவைத்துப் பார்த்தார்கள், ஒருக்களித்துப் பார்த்தார்கள். பாதி உள்ளே வந்து நிலையில் சிக்கிக்கொண்டது. நான் உள்ளே, அவர்கள் வெளியே. எதிர்வீட்டு ராஜாமணி எட்டிப் பார்த்து, "ஏனுங்கக்கா, புது பீரோவா?" என்றாள். ஓடுகிற மெஷின் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுத் திருப்பி எடுத்துப் போய்விட்டார்கள். ஆளுக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தேன். பாவம், இரண்டு மாடி ஏறி வந்து இரண்டு மாடி இறங்கினார்கள்.

இதையெல்லாம் எழுதுவது பூபேஷுக்காக. தினமும் என்ன உடற்பயிற்சி செய்கிறேன் என்று எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறான். எழுதுவது எனக்குப் புதிதில்லை. இருபத்தொன்பது வருஷம் பால்வாடியில் குழந்தைகளை எடைபோட்டு நோட்டில் ஏற்றியவள்.

ஜூனில் விழுந்து இடது மணிக்கட்டு முறிந்தது. மாவுக்கட்டுப் பிரித்து இருபது நாளாகிறது. கை பரவாயில்லை. ஆனால் தரையில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை. ராத்திரி நாற்காலியில் சாய்ந்தபடிதான் தூங்குகிறேன். பூபேஷ் பூனாவிலிருந்து வந்து பார்த்துவிட்டுக் கறாராகச் சொல்லிப் போனான்.

"தீவாளிக்கு வர்றேன். அதுக்குள்ள யாரும் கை குடுக்காம நீயா தரையில இருந்து எந்திரிச்சுக் காட்டோணும். இல்லீன்னா என்ற கூடப் பூனா வந்தரோணும். நடுவால இன்னொருக்கா விழுந்தீன்னா பேச்சே இல்ல, அன்னைக்கே பெட்டியக் கட்டிரோணும்."

அவன் மேல் தப்பில்லை. பயந்துவிட்டான். எவ்வளவு நேரம் கீழே கிடந்தாய் என்று கேட்டான். அரை மணி நேரம் என்று சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒன்றும் செய்யவில்லை. ஆடி முடியட்டும்.

ஆகஸ்ட் 18, திங்கள்

ஆடி முடிந்தது. பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். விளையாட்டுச் சாமான் கடையில் ஒரு ரப்பர் விரிப்பு, ஒரு கிலோ டம்பெல் இரண்டு, இழுத்துப் பழக ஒரு ரப்பர் பட்டை வாங்கினேன். "பேரனுக்குங்களா?" என்று கேட்டார் கடைக்காரர். எனக்குத்தான் என்றதும் சிரிக்கவில்லை அந்த மனுஷன். ஸ்டூல் போட்டு உட்காரவைத்து, ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்து, எது கனக்கிறது எது கனக்கவில்லை என்று பொறுமையாகக் கேட்டார். நன்றாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் இதையெல்லாம் எங்கே வைப்பது என்ற பிரச்சினை வந்தது. ஹாலில் ஃபிரிட்ஜ், டிவி, கிரைண்டர், இரண்டு நாற்காலி. சமையலறையில் நான் திரும்பினால் என் முந்தானை அடுப்பில் படும். மீதி இருப்பது எட்டுக்குப் பத்து படுக்கையறை. அதில் ஆறுக்கு ஐந்து கட்டில். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் என் பாயை விரித்தால் அதோடு சரி.

கட்டிலை எடுத்தால் இடம் கிடைக்கும். ஆனால் எடுக்க முடியாது. போல்ட்டெல்லாம் துருப்பிடித்திருக்கும்.

ஆகஸ்ட் 21, வியாழன்

டம்பெல் தூக்கினேன், பத்து தடவை. பாய்மேல் நின்றுகொண்டு. முழங்கை கட்டிலில் இரண்டு தடவை இடித்தது.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

இன்று ஒரு டம்பெல் கை நழுவித் தரையில் விழுந்தது. ஐந்து நிமிஷத்தில் காலிங்பெல். திறந்தால், தலை கலைந்து, கண் சிவந்து ஒரு பெண். முப்பது வயதிருக்கும்.

"அம்மா, நான் கீழ் வீட்டு ஜெபசீலி. ஆஸ்பத்திரியில நர்ஸு. ராத்திரி பூரா டூட்டி பாத்துட்டு வந்து இப்பதாம்மா கண்ணசந்தேன். மேல எதைப் போட்டு இடிக்குதீங்க?"

"கோவிச்சுக்காத கண்ணு. கை நழுவிப்போச்சு."

"இன்னைக்கு மட்டுமில்லம்மா. ஜூன் மாசமும் ஒருநாள் காலையில டொக்கு டொக்குன்னு நிறுத்தாம இடிச்சீங்க. தலாணிய எடுத்துக் காதுல அமுக்கிக்கிட்டுப் படுத்தேன். அன்னைக்கே வந்து சொல்லணும்னு நினைச்சேன்."

மோர் குடிக்கிறாயா என்று கேட்டேன்.

வேண்டாம் என்றுதான் உள்ளே வந்தாள். டம்பெல்லைப் பார்த்தாள், என் மணிக்கட்டைப் பார்த்தாள். எலும்பு வார்டில் வேலையாம். "இப்படிப் பிடிச்சுத் தூக்குனா இந்தக் கை மறுபடியும் போயிரும்மா" என்று சொல்லி, கட்டைவிரலை எங்கே வைப்பது, மணிக்கட்டை எப்படி மடங்காமல் வைப்பது என்று காட்டிக்கொடுத்தாள். சண்டை போட வந்தவள் இரண்டு தம்ளர் மோர் குடித்துவிட்டுப் போனாள்.

செப்டம்பர் 1, திங்கள்

டூட்டிக்குக் கிளம்பும் முன்னால் அரை மணி நேரம் வருகிறேன் என்று அவளாகவே சொல்லியிருந்தாள். சாயங்காலம் நாலரைக்கு வந்தாள். "தரையில உக்காந்து எந்திரிங்கம்மா, பாப்போம்" என்றாள். உட்கார்ந்தேன். தரை என்னை விடவில்லை. இந்தப் பக்கம் புரண்டேன், அந்தப் பக்கம் புரண்டேன், கட்டில் காலைப் பிடித்து இழுத்தேன். கடைசியில் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். மூச்சு வாங்கியது எனக்குத்தான். அவள் தினமும் எத்தனை பேரைத் தூக்குகிறாளோ.

சுவரில் பிடித்து எழ ஒரு கம்பி வேண்டும், கை கால் நீட்டிப் புரள ஓர் ஆள் நீளத்துக்கு இடம் வேண்டும் என்றாள். பிறகு கட்டிலைப் பார்த்தாள்.

"இதை எடுத்துருங்கம்மா."

"போல்ட்டெல்லாம் துருவேறிப்போச்சு கண்ணு. கழட்ட முடியாது."

குனிந்து ஒரு போல்ட்டை விரலால் திருகினாள். வெண்ணெயில் சுற்றுவது போலச் சுற்றியது. எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய விரலை என் முகத்துக்கு நேராக நீட்டினாள். மாதாமாதம் எண்ணெய் விடுவது நான்தான். முன்பு இவர், என் வீட்டுக்காரர் நாச்சிமுத்து, விட்டுக்கொண்டிருந்தார். இவர் போன பிறகு, இந்த மூன்று வருஷமாக நான் விடுகிறேன். பம்பு ஒர்க்‌ஷாப்பில் லேத் ஓட்டியவர். அந்தப் பன்னிரண்டு போல்ட்டும் அவர் கையால் கடைந்தது.

"கட்டில் இருக்கையில நீங்க ஏம்மா தரையில படுத்தீங்க? விழுந்ததும் பாயில இருந்து எந்திரிக்கையிலதான?"

மெத்தை எனக்கு ஒத்துக்கொள்வதில்லை என்றேன். அது மெத்தையே இல்லாத பலகைக் கட்டில். அவளுக்கும் கண் இருக்கிறது.

செப்டம்பர் 2, செவ்வாய்

பயிற்சி இல்லை. ஜெபா மேல் கோபம்.

செப்டம்பர் 3, புதன்

கோபம் ஜெபா மேல் இல்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

கட்டிலைக் கழற்றினேன். நானேதான். இவருடைய ஸ்பேனரை வைத்து, ஒவ்வொரு போல்ட்டாக. இடது கை இத்தனை தாங்கும் என்று நினைக்கவில்லை. பதினோரு போல்ட்டுவரை ஒன்றுமில்லை. பன்னிரண்டாவது கழன்று கையில் வந்ததும் அழுகை வந்துவிட்டது. ஜெபா பக்கத்தில் பலகையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அழுது முடிக்கும்வரை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். அதற்கே அவளுக்குக் கோடி புண்ணியம்.

மூன்று வருஷம் அந்தக் கட்டிலில் ஒருநாள்கூட நான் ஏறிப் படுக்கவில்லை. இவர் பக்கம் எது, என் பக்கம் எது என்று தெரிந்துகொண்டே எப்படிப் படுப்பது? எழுதிவிட்டேன். பூபேஷ் படித்தால் படிக்கட்டும்.

கட்டில் தூரம் போகவில்லை. ஒரு மாடி இறங்கியது. ஜெபா குடிவந்து ஏழு மாதமாகியும் வெறும் தரையில்தான் படுத்துக்கொண்டிருந்தாளாம். இரவெல்லாம் நிற்கிற பெண், பகலிலாவது நிம்மதியாகப் படுக்கட்டும். நான் ஹாலில் ஒரு மடக்குக் கட்டில் போட்டுக்கொண்டேன். பகலில் மடக்கிக் கதவுக்குப் பின்னால் வைத்துவிடலாம்.

கட்டில் போன அறை எவ்வளவு பெரிது! நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்துச் சுற்றிப் பார்த்தேன். ஒன்றும் இடிக்கவில்லை.

செப்டம்பர் 10, புதன்

ஜிம் தயார். பிளம்பர் வந்து இடுப்பு உயரத்துக்கு ஒன்று, முழங்கால் உயரத்துக்கு ஒன்று என்று சுவரில் இரண்டு ஸ்டீல் கம்பி அடித்துவிட்டுப் போனார். தானே தொங்கிப் பார்த்து, "யானையைக் கட்டலாமுங்க" என்றார். ரப்பர் பட்டைக்கு ஒரு கொக்கி. டம்பெல்லுக்கு வெங்காயக் கூடை. ஏறி இறங்கப் பழைய மணைப்பலகை, அடியில் வழுக்காமல் ரப்பர் ஒட்டியது. விரிப்பு நடுவில். அவ்வளவுதான். இதற்குப் போய் அந்தப் பிள்ளை அவ்வளவு பெரிய மெஷினை வாங்கி அனுப்பினான்.

செப்டம்பர் 15, திங்கள்

எழுவதற்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் அவசரப்படாமல் படுத்தே கிடந்து எங்கே வலிக்கிறது என்று பார்க்க வேண்டும். பிறகு ஒருக்களிக்க வேண்டும். முழங்கையை ஊன்றி நாலு காலில் வர வேண்டும். தவழ்ந்து போய்க் கம்பியைப் பிடித்து, ஒரு பாதத்தை முன்னால் வைத்து, அப்புறம் எழ வேண்டும்.

ஜெபா இதைச் சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு. குப்புற விழுதல், தவழ்தல், பிடித்துக்கொண்டு நிற்றல். எத்தனை குழந்தைகளுக்கு எந்த மாதம் எது வந்தது என்று எழுதியிருக்கிறேன். அறுபத்தேழு வயதில் துளசிமணியாகிய நான் இப்போது எட்டு மாதக் குழந்தை.

செப்டம்பர் 19, வெள்ளி

எழுந்துவிட்டேன்! கம்பியைப் பிடித்துத்தான். ஆனால் யாரும் தொடவில்லை. ஜெபா கைதட்டினாள். ராஜாமணி வீட்டுக்கும் சேர்த்துக் கேசரி கிண்டினேன்.

செப்டம்பர் 22, திங்கள்

இன்று வாய் தவறிவிட்டது.

ஜூனில் விழுந்தபோது எவ்வளவு நேரம் கீழே கிடந்தேன் என்று ஜெபா கேட்டாள். அவள் கேட்டால் நர்ஸ் கேட்பதுபோல இருக்கும், பொய் வராது. காலை ஐந்தரையிலிருந்து பதினொன்றரைவரை என்றேன். போன் ஹாலில் சார்ஜில் இருந்தது. கடைசியில் உட்கார்ந்தவாக்கிலேயே நகர்ந்து போய்த் துடைப்பக் கட்டையால் தாழ்ப்பாளைத் தட்டிவிட்டேன். ராஜாமணிதான் ஆட்டோ பிடித்தாள்.

"ஆறு மணி நேரமாம்மா? யாரையும் கூப்பிடலையா?"

"சத்தம் வரல கண்ணு. சொம்பு கைக்கு எட்டுச்சு. அதை வெச்சுத் தரையைத் தட்டீட்டே இருந்தேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. அவள் முகம் வெளுத்துவிட்டது. அது ஜூன் மாதத்து டொக்கு டொக்கு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. விரிப்பின்மேல் அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான் தலாணிய வச்சு... அம்மா, நான் தலாணிய வச்சு அமுக்கிக்கிட்டுல்ல படுத்தேன்."

"ராத்திரி முச்சூடும் ஊர்ல இருக்கறவங்களத் தூக்கி நிறுத்தீட்டு வந்த புள்ள நீ. உனக்குத் தூக்கம் வேண்டாமா? மேல எவளோ மாவிடிக்கறான்னு நெனச்சிருப்ப. நானா இருந்தாலும் அப்படித்தான் நெனைப்பேன்."

தேற்றுவதற்காகச் சொன்னதில்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. கீழ் வீட்டில் ஆள் இருந்தும் வரவில்லையே என்று கோபம் இருந்தது. ஜூலையில், கட்டுப் போட்ட கையோடு அந்தக் கோபத்தையும் தூக்கிக்கொண்டு திரிந்தேன். அது எப்போது போனது என்று தெரியவில்லை. மோர் கொடுத்த அன்றே போயிருக்கலாம். இந்தப் பெண் என் வாசலுக்குச் சண்டைக்கு வந்ததற்கு நான் நன்றி சொல்ல வேண்டும். வராமல் இருந்திருந்தால்?

அவளும் அழுதாள், நானும் அழுதேன். பயிற்சி எதுவும் நடக்கவில்லை.

செப்டம்பர் 30, செவ்வாய்

இப்போது மூன்று கிலோ இரும்பு டம்பெல். நாளைக்கு ஆயுத பூஜை. இவர் பூஜைக்கு முதல் நாளே ஒர்க்‌ஷாப்பில் எல்லாச் சாமானையும் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு கை போட்டு, பளபளவென்று வைப்பார். ஸ்பேனர்கூட எண்ணெய் படாமல் பூஜைக்கு வராது. நானும் அப்படியே செய்தேன். டம்பெல், கொக்கி, இரண்டு கம்பி, எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய். மினுமினுவென்று இருக்கின்றன.

அக்டோபர் 1, புதன்

கம்பிக்கும் டம்பெல்லுக்கும் சந்தனம், குங்குமம். ரப்பர் பட்டைக்குச் செவ்வந்தி மாலை. மணைப்பலகைக்கு ஒரு பொட்டு. பொரி, கடலை, சுண்டல், ஒரு பூசணிக்காய். ஜெபா வந்து பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எங்க வார்டுல வாக்கருக்கும் வீல்சேருக்கும் பொட்டு வச்சுட்டுத்தாம்மா வாரேன்" என்று அவளே சொல்லிக்கொண்டு இரண்டு கை பொரி அள்ளினாள். அவள் வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள். பொரிக்கு அதெல்லாம் தெரியாது.

இன்று ஆயுதங்களுக்கு ஓய்வு. எனக்கும்தான்.

அக்டோபர் 2, வியாழன்

விஜயதசமி. எதைத் தொடங்கினாலும் விளங்கும் என்பார்கள். குளித்து, விளக்கேற்றி, ஏழரைக்கு அறைக்குள் போனேன். மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது முதல் பயிற்சி. இடது காலைத் தூக்கினேன். கை வழுக்கிக்கொண்டு போனது. கம்பி முழுக்க நான் தடவிய எண்ணெய். இன்னொரு கையால் பிடித்தேன், அதுவும் வழுக்கியது. தொம்மென்று பக்கவாட்டில் விழுந்தேன்.

வலிக்கு முன்னால் எனக்குப் பூனாதான் ஞாபகம் வந்தது. போச்சு, எல்லாம் போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். ஜூன் மாதத்துப் பயம் அப்படியே வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. மறுபடியும் ஆறு மணி நேரமா?

பிறகு ஜெபாவின் குரல் காதுக்குள் கேட்டது. அவசரப்படாதீங்கம்மா, எங்க வலிக்குன்னு பாருங்க. பார்த்தேன். மணிக்கட்டு அசைந்தது. இடுப்பு வலித்தது, ஆனால் விரிப்பில்தான் விழுந்திருந்தேன். காலை மடக்க முடிந்தது. ஒருக்களித்தேன். முழங்கையை ஊன்றினேன். நாலு காலில் வந்தேன். தவழ்ந்துபோய்க் கீழ்க் கம்பியைப் பிடித்தேன். அதுவும் வழுக்கியது. அதற்கும்தானே ஒரு கை போட்டிருந்தேன், சமர்த்தாக!

கம்பி இல்லாமல் நான் ஒருநாளும் எழுந்ததில்லை. கையைச் சேலையில் துடைத்தேன். வலது பாதத்தை முன்னால் வைத்தேன். இரண்டு கையையும் என் முழங்கால்மேலேயே ஊன்றினேன். வாய்விட்டு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். எழவில்லை. மறுபடியும் எண்ணினேன். பிருஷ்டம் எழும்பியது, முதுகு எழும்பியது, தலை கடைசியாக வந்தது. நின்றேன்.

அதற்குள் வாசல் கதவை யாரோ உடைப்பதுபோல் தட்டினார்கள். நடந்துபோய், மேல் தாழ்ப்பாளை எட்டித் திறந்தேன். ஜெபா. செருப்பில்லை, யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை.

"ஒரே ஒரு சத்தந்தாம்மா கேட்டுச்சு. அப்புறம் ஒண்ணுமே கேக்கல. அதான் ஓடியாந்தேன்."

என்னை உட்காரவைத்து இடுப்பு, கை, தலை எல்லாம் அமுக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை, ஒத்தடம் போதும் என்றாள். அப்புறம் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இதுக்கு யாரும்மா எண்ணெய் போட்டது?"

"அவரு அப்படித்தான் போடுவாரு."

"அது லேத்து சாமானும்மா, துருப்பிடிக்கும். இது ஸ்டீலு. அதுவும் நீங்க பிடிச்சுத் தொங்குத கம்பி!"

திட்டிக்கொண்டே சோப்புத் தண்ணீர் போட்டுத் துடைத்தாள். துடைத்து முடித்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "உங்க பையன்ட்டச் சொல்லாண்டாம்மா. யாருக்குத் தெரியப்போவுது? நான் மூச்சுவிட மாட்டேன்."

அன்பால்தான் சொன்னாள். எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது.

அக்டோபர் 3, வெள்ளி

ஒருநாள் முழுக்க யோசித்தேன். இந்த வீடு எனக்கு வேண்டும். ராஜாமணி வேண்டும், ஜெபா வேண்டும், வெங்காயக் கூடை டம்பெல் வேண்டும். ஆனால் அரை மணி நேரம் என்று ஒரு பொய் சொல்லி, அதை நான்கு மாதமாகச் சுமந்ததே போதும். காலையில் பூபேஷுக்கு வீடியோ கால் போட்டேன்.

"நேத்து விழுந்துட்டேன் சாமி. நானாத்தான் எந்திரிச்சேன். இன்னொண்ணு. ஜூன்ல கெடந்தது அரை மணி நேரமில்ல. ஆறு மணி நேரம்."

அவன் முகத்தை எப்படி எழுதுவது? முதலில் சத்தம் போட்டான். இப்படி மறைத்தால் எப்படி நம்புவது என்றான். பெட்டியைக் கட்டு, டிக்கெட் போடுகிறேன் என்றான். சரி சாமி என்றேன். உண்மையாகவே சரி என்றுதான் சொன்னேன். பிறகு அவன் குரலைத் தணித்துக் கேட்டான்.

"யாரும் இல்லாம எப்படிம்மா எந்திரிச்ச?"

சொன்னேன். ஒருக்களிப்பது, முழங்கை, நாலு கால், ஒரு பாதம், முழங்கால்மேல் கை. அவன் போனைத் தரையில் எதிலோ சாய்த்துவைத்துவிட்டு, பூனாவில் அவன் வீட்டுத் தரையில் மல்லாந்து படுத்தான். முப்பத்தேழு வயது, நாளெல்லாம் நாற்காலி வேலை, தொப்பை. நான் சொன்னதைத் தானே செய்து பார்க்கிறான் என்று புரிந்தது. ஒருக்களித்தான். நாலு காலில் வந்தான். பாதத்தை வைத்து எழப் பார்த்தான். பொத்தென்று உட்கார்ந்துவிட்டான்.

"அம்மா, இரு, ஒரு நிமிசம்."

இரண்டாவது தடவையும் உட்கார்ந்தான். மூன்றாவது தடவை சோபாவைப் பிடிக்கப் போனான். "சோபாவத் தொடாத" என்றேன். சிரித்தான், சிரிக்கும்போதே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. கையால் துடைத்துக்கொண்டு மறுபடியும் படுத்தான்.

"அவசரப்படாத சாமி. மொதல்ல ஒருக்களி. இப்ப முழங்கைய ஊணு. அப்படித்தான். பாதத்த இன்னுங் கொஞ்சம் முன்னால வெய்யி. ஒண்ணு, ரெண்டு, மூணு."

எழுந்தான். போன் கீழே இருந்ததால் அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. இரண்டு முழங்கால் மட்டும் தெரிந்தன. மேலே எங்கிருந்தோ மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு அவன் குரல் வந்தது.

"பெட்டி கட்ட வேண்டாம்மா."